வட்டமாக இல்லாத வளையம்

"மாமா, இதுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க? இது சின்னப் பசங்க ஏறுறது" என்று சலித்துக்கொண்டாள் தங்கை மகள். பதினான்கு வயது. பிறந்தது, வளர்ந்தது எல்லாம் கலிஃபோர்னியா. லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே, ஐ-5 நெடுஞ்சாலையை ஒட்டிய வலென்சியாவில் இருக்கிறது சிக்ஸ் ஃப்ளாக்ஸ் மேஜிக் மவுண்டன் என்ற கேளிக்கைப் பூங்கா. தங்கை வீட்டிலிருந்து காரில் சீக்கிரம் போய்விடலாம். வருடப் பாஸ் வைத்துக்கொண்டு, நாம் தெருமுனைக் கடைக்குப் பால் வாங்கப் போவது போல அங்கே போய்வருகிறவளுக்கு டாட்சு, கோலியாத், ஃபுல் த்ராட்டில் என்று பெரிய பெரிய ரோலர் கோஸ்டர்கள் காத்திருக்கும்போது, மாமா மரங்களுக்கு நடுவே ஒளிந்துகிடக்கும் ஒரு பழைய வண்டியைத் தேடிப்போனால் கடுப்பு வராமல் என்ன செய்யும்?

நான் தேடிப்போனது தி நியூ ரெவல்யூஷன். 1976 மே 8 அன்று திறந்தபோது அதன் பெயர் கிரேட் அமெரிக்கன் ரெவல்யூஷன். அமெரிக்கா சுதந்திரம் அறிவித்து 200 ஆண்டு ஆன வருடம் அது, அந்த உற்சாகத்தில் வைத்த பெயர். ஏற்றத்தின் உயரம் 113 அடி. மலைச்சரிவை அனுசரித்துத் தடம் போட்டிருப்பதால் இறக்கம் அதையும் தாண்டி 144 அடி. அதிகபட்ச வேகம் மணிக்கு 55 மைல், நம் கணக்கில் 88 கிலோமீட்டர் சொச்சம். இன்றைய கோஸ்டர்களோடு ஒப்பிட்டால் இதெல்லாம் ஒன்றுமே இல்லை, அவள் சொன்னது சரிதான். ஆனால் ஆட்களைத் தலைகீழாகச் சுற்றிவிடுகிற செங்குத்தான முழு லூப், நவீன காலத்து இரும்புக் கோஸ்டர் ஒன்றில் முதன்முதலாக வந்தது இதில்தான். உலகத்தில் இன்று சுற்றுகிற அத்தனை லூப்புக்கும் இதுதான் பாட்டி.

நான் சிவில் டிப்ளமோ படித்தவன். சர்வே பாடத்தில் ட்ரான்சிஷன் கர்வ் என்று ஒன்று வரும். நேராகப் போகிற சாலையைத் திடுமென ஒரு வட்ட வளைவில் சேர்க்கக்கூடாது, நடுவில் கொஞ்சம் கொஞ்சமாக வளைகிற ஒரு துண்டைப் போடவேண்டும் என்பதுதான் விஷயம். தியோடலைட்டை நிறுத்தி, வெயிலில் நின்று, ஒவ்வொரு புள்ளிக்கும் கோணம் கணக்கிட்டு முளையடித்த காலத்தில் இது பரீட்சைக்கு வருகிற ஒரு தொல்லை, அவ்வளவுதான். பிறகு பல வருடம் கழித்து எங்கோ படித்தேன், ரோலர் கோஸ்டர் லூப்பைச் சாத்தியமாக்கியதே அந்தத் தொல்லைதான் என்று. அன்றிலிருந்து இந்த வண்டியை ஒருமுறை நேரில் பார்க்கவேண்டும் என்று மனதில் கிடந்தது. 2019 கோடையில் தங்கை வீட்டுக்குப் போனபோது அமைந்தது.

லூப் என்ற யோசனை புதிதே இல்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே பாரிஸில் ஒற்றை வண்டியை வளையத்துக்குள் சுற்றவிட்டிருக்கிறார்கள். 1895இல் நியூயார்க்கின் கோனி ஐலண்டில், சீ லயன் பார்க் என்ற பூங்காவில், ஃப்ளிப் ஃப்ளாப் ரயில்வே என்று ஒன்று ஓடியது. வளையத்தின் விட்டம் சுமார் 25 அடி, காம்பஸ் வைத்து வரைந்தது போல முழு வட்டம். ஏறி இறங்கியவர்கள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு போனார்கள். 12 ஜி, அதாவது உடம்பு எடையைப் போலப் பன்னிரண்டு மடங்கு வரை விசை வந்தது என்று சொல்வார்கள். போர்விமான ஓட்டிகளே பயிற்சியும் விசேஷ உடையும் இருந்தால்தான் 9 ஜி தாங்குவார்கள், அதுவும் சில விநாடிகள். இங்கே தொப்பியும் கோட்டுமாக ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்க வந்த ஜனங்கள். 1901இல் அதே கோனி ஐலண்டில் எட்வின் பிரெஸ்காட் என்பவர் லூப் த லூப் என்று இன்னொன்று கட்டினார். இவர் கெட்டிக்காரர், வளையத்தை முட்டை வடிவமாக்கினார், விசை நன்றாகக் குறைந்தது. ஆனால் ஒரு வண்டியில் நாலு பேர்தான் போகமுடியும். வேடிக்கை பார்த்தவர்கள் அளவுக்கு ஏறியவர்கள் இல்லை, கல்லா நிறையவில்லை. பத்து வருடத்துக்குள் கதை முடிந்தது. அதன் பிறகு அறுபது வருடத்துக்கு மேல் லூப் பக்கம் யாரும் உருப்படியாகத் தலைவைத்துப் படுக்கவில்லை.

வட்டத்தில் என்ன கோளாறு?

சின்ன வயதில் வாளியில் தண்ணீர் எடுத்துத் தலைக்குமேல் சுற்றியிருப்போம், வேகமாகச் சுற்றினால் ஒரு சொட்டு கூடச் சிந்தாது. மேலே போகும்போது தண்ணீர் வாளியோடு ஒட்டியிருக்கக் குறைந்தபட்சம் ஒரு வேகம் வேண்டும். அதே சங்கதிதான் லூப்பிலும். உச்சியில் ஆள் சீட்டிலிருந்து விழாமல் இருக்க ஒரு வேகம் வேண்டும். ஆனால் வாளியை நம் கை சுற்றுகிறது, கோஸ்டர் வண்டிக்கு எஞ்சின் கிடையாது. ஏற்றத்தின் உச்சியிலிருந்து உருட்டிவிட்டதோடு சரி. அதனால் உச்சியில் தேவையான வேகம் மிச்சமிருக்கவேண்டும் என்றால் அடியில் அதைவிட எக்கச்சக்கமான வேகத்தில் நுழையவேண்டும். பள்ளிக்கூட இயற்பியலை வைத்துப் போட்டுப் பாருங்கள், முழு வட்டமாக இருந்தால், உச்சியில் உடம்பு எடையே இல்லாமல் மிதக்கிற அளவுக்கு மட்டும் வேகம் கொடுத்தால் கூட, அடியில் 6 ஜி வந்துவிடும். வட்டம் பெரிதா சின்னதா என்பது இதில் கணக்கே இல்லை, ஆரம் இரண்டு பக்கமும் அடிபட்டுப் போய்விடுகிறது. பெரிய வட்டம் கட்டினால் தப்பிக்கலாம் என்று நினைத்தவர்களுக்கு இது ஒரு குரூரமான பதில்.

இதற்கு மேல் இன்னொரு வம்பும் இருக்கிறது. நேரான தடத்திலிருந்து வட்டத்துக்குள் நுழைகிற அந்தப் புள்ளி. அதற்கு முந்தின நொடியில் வளைவு பூஜ்யம், அடுத்த நொடியில் முழு வளைவு. நடுவில் எதுவுமே இல்லை. உடம்புக்கு அது அழுத்தமாகத் தெரியாது, கன்னத்தில் விழுகிற அறையாகத் தெரியும். ஃப்ளிப் ஃப்ளாப்பில் கழுத்து பிடித்துக்கொண்டதற்கு இந்த அறை ஒரு முக்கியக் காரணம்.

அப்புறம் என்ன மாறியது? முதலில் இரும்பு.

அதுவரை கோஸ்டர் என்றாலே பெரும்பாலும் மரம்தான். பலகைகளை அடுக்கி, அதன்மேல் தட்டையான இரும்புப் பட்டையை அடித்து, அதில் வண்டி ஓடும். மரத்தைப் பக்கவாட்டில் ஓரளவு வளைக்கலாம், இஷ்டத்துக்கு முறுக்க முடியாது. 1959 ஜூன் 14 அன்று டிஸ்னிலாண்டில் மேட்டர்ஹார்ன் பாப்ஸ்லெட்ஸ் திறந்தது. ஆரோ டெவலப்மென்ட் என்ற கலிஃபோர்னியா கம்பெனி இரும்புக் குழாயையே வளைத்துத் தண்டவாளமாக்கிக் கட்டியது. குழாயை எந்தப் பக்கமும் வளைக்கலாம், முறுக்கலாம், ஒரு துண்டின் நுனியை அடுத்ததோடு இழைத்துப் பற்றவைக்கலாம். குழாய் உருண்டை என்பதால் சக்கரங்களை மேலே, பக்கத்தில், கீழே என்று மூன்று பக்கமும் பிடிக்கவைக்கலாம். கீழ்ப்பக்கச் சக்கரம் ஜான் மில்லர் என்பவர் 1919இல் காப்புரிமை வாங்கிய பழைய யோசனை, மரக் கோஸ்டருக்காகச் செய்தது. வண்டி தடத்தைவிட்டு எழும்பாமல் பிடித்துவைப்பது அதுதான். லூப்பின் உச்சியில் நம் உயிர் மடிமேல் இறங்கிப் பிடிக்கிற லேப் பார் என்ற கம்பியில் தொங்குவதாக நினைக்கிறோமே, வேகம் போதாமல் போனால் வண்டி தொங்குவது என்னவோ அந்தச் சின்னச் சக்கரங்களை நம்பி.

அதே ஆரோ கம்பெனிதான் 1975இல் நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் என்ற பூங்காவில் கார்க்ஸ்க்ரூ என்ற கோஸ்டரைத் திறந்தது. பெயரிலேயே இருக்கிறது, தக்கை திருகி போல முறுக்கிக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்தபடியே தலைகீழாகும். லூப்பை ஸ்பிரிங் மாதிரி இழுத்துப் பிடித்தால் எப்படியோ அப்படி. நவீன காலத்தில் ஆட்களைத் தலைகீழாக்கிய முதல் கோஸ்டர் என்ற பெருமை அதற்குத்தான் சேரும். ஆனால் நேராகப் போய், நேராக மேலே ஏறி, பின்பக்கமாகக் கவிழ்ந்து வருகிற அசல் லூப் இன்னும் வரவில்லை. ஒரே வருட இடைவெளியில், அதுவும் லாஸ் ஏஞ்சலஸின் இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாக இரண்டும் வந்திருப்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்.

ரெவல்யூஷனைக் கட்டியது ஒரு ஜெர்மன்காரர், ஆன்டன் ஷ்வார்ஸ்கோஃப். பவேரியாவில் மியூன்ஸ்டர்ஹௌசன் என்ற சின்ன ஊர். ஊர் ஊராகப் போய்க் கடைபோடுகிற பொருட்காட்சிக்காரர்களுக்கு வண்டி செய்துகொடுக்கிற பட்டறைதான் குடும்பத் தொழில். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நம் ஊர்த் திருவிழாவில் ராட்டினம் போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள், லாரியில் வந்து இறங்கி, ஆணியும் போல்ட்டுமாகப் பூட்டி, திருவிழா முடிந்ததும் கழற்றி ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அவர்களுக்குச் செய்கிற பொருள் கச்சிதமாக இருந்தாகவேண்டும். ஒரு துளை அரை அங்குலம் தள்ளியிருந்தால் அடுத்த ஊரில் பூட்ட முடியாது. இருக்கிற சின்ன மைதானத்துக்குள் அடங்கவேண்டும். அப்படிப்பட்ட பட்டறையில் பழகிய கை இரும்பை அளந்து வளைக்கிற விதமே வேறு. ஷ்வார்ஸ்கோஃப் கோஸ்டர்கள் வெண்ணெயில் கத்தி போவது போல ஓடும் என்று விசிறிகள் இன்றும் உருகுவதற்கு இந்தப் பூர்வீகமும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம்.

அவருக்கு இரும்பு தெரியும், கணக்குப் போட்டவர் வெர்னர் ஷ்டெங்கல். மியூனிக்கில் அலுவலகம் வைத்திருந்த பொறியாளர். பிற்காலத்தில் 500க்கும் மேற்பட்ட கோஸ்டர்களில் அவர் கைபட்டிருக்கிறது. லூப்புக்கு அவர் எடுத்துக்கொண்ட வடிவம்தான் கிளாத்தாய்டு, என் சர்வே பாடத்தில் வந்த அதே ட்ரான்சிஷன் கர்வ்.

கிளாத்தாய்டு என்றால் பயந்துவிடவேண்டாம். பஸ் டிரைவர் வளைவில் திரும்பும்போது ஸ்டீயரிங்கை வெடுக்கென்று ஒடிக்கமாட்டார். ஒரே வேகத்தில் போய்க்கொண்டே, ஸ்டீயரிங்கையும் ஒரே சீராகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே போனால் பஸ் தரையில் போடுகிற கோடு கிட்டத்தட்ட கிளாத்தாய்டுதான். தூரம் கூடக்கூட வளைவும் அதே விகிதத்தில் கூடும். ஆய்லர் 18ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கணக்கில் கண்டவர், ரயில் தடம் போட்டவர்கள் பின்னால் இதைப் பயன்படுத்தினார்கள், நம் ஊர் நெடுஞ்சாலை வளைவுகளுக்கும் இந்திய சாலைகள் பேரவை விதிகள் சொல்வது இந்தச் சுருளைத்தான். பெயர் கிளோத்தோ என்ற கிரேக்கத் தேவதையிலிருந்து வந்தது. மனிதர்களின் ஆயுள் நூலை நூற்கிறவளாம். ரோலர் கோஸ்டருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமையுமா!

ஷ்டெங்கல் இந்தச் சாலை வளைவைத் தூக்கிச் செங்குத்தாக நிறுத்தினார். அடியில் வளைவு மிக லேசாகத் தொடங்கும், மேலே போகப் போக இறுகும், உச்சியில் மிக இறுக்கமாக இருக்கும், பிறகு அதே மாதிரி தளர்ந்துகொண்டே இறங்கும். பக்கத்திலிருந்து பார்த்தால் தலைகீழாகப் பிடித்த கண்ணீர்த்துளி மாதிரி, கூர்முனை கீழே, உருண்ட பக்கம் மேலே.

இதனால் என்ன லாபம் என்று ஒரு கணக்கு, உராய்வை விட்டுவிட்டுத் தோராயமாக. லூப் உயரம் 90 அடி, அதாவது 27 மீட்டர். 55 மைல் வேகத்தில் அடியில் நுழைகிறது என்று வைத்துக்கொள்வோம், விநாடிக்கு 24.6 மீட்டர். உச்சிக்குப் போகும்போது அதில் மிஞ்சுவது விநாடிக்கு 8.7 மீட்டர், மணிக்கு 31 கிலோமீட்டர்தான். சைக்கிளை மூச்சுவாங்க மிதித்தால் வருகிற வேகம். இதுவே 27 மீட்டர் உயர முழு வட்டமாக இருந்தால் ஆரம் 13.5 மீட்டர். அதில் ஆள் சீட்டோடு ஒட்டியிருக்க உச்சியில் மணிக்கு 41 கிலோமீட்டராவது வேண்டும். போதாது, எல்லோரும் லேப் பாரில் தொங்குவோம். அதோடு அடியில் 5.6 ஜி, அதாவது 70 கிலோ ஆள் 390 கிலோ கனப்பார். இப்போது உச்சியில் ஆரத்தை 7 மீட்டராகக் குறுக்கி, அடியில் 25 மீட்டராக அகட்டுங்கள். அதே உயரம், அதே வேகம். உச்சியில் லேசாகச் சீட்டில் அழுத்தும், அடியில் 3.5 ஜி. 7, 25 என்பது நான் போட்டுக்கொண்ட எண்கள், ரெவல்யூஷனின் வரைபடத்திலிருந்து எடுத்தவை இல்லை. வட்டத்தை விட்டுக்கொடுத்தால் கணக்கு எப்படி இளகுகிறது என்று பார்க்கத்தான்.

இதையெல்லாம் வரிசையில் நின்றபடி அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதிக்கு மேல் காதில் வாங்கவில்லை என்று தெரிந்தது. ஏறி உட்கார்ந்ததும் சுற்றுமுற்றும் பார்த்தேன். பெட்டிக்கு நாலு பேர், மடிமேல் ஒரு லேப் பார், அவ்வளவுதான். தோளைப் பிடிக்க ஒன்றும் கிடையாது. "தோள்ல எதுவும் வரலையே?" என்றேன், கொஞ்சம் பதற்றமாகத்தான். "மாமா, நீங்கதான இப்போ சொன்னீங்க, சீட்டுல அழுத்தும், விழமாட்டோம்னு" என்றாள். கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

இந்த லேப் பாருக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1976இல் திறந்தபோதும் லேப் பார் மட்டும்தான். லூப்புக்குத் தோள்பிடிப்பு எதற்கு, வடிவமே ஆளைப் பிடித்துக்கொள்ளும் என்பது கட்டியவர்களின் கணக்கு. 1992இல் தோள்வழியாக இறங்குகிற கனமான பிடிப்புகளைக் கொண்டுவந்து மாட்டினார்கள். அதற்காக வடிவமைக்காத தடத்தில் அதை மாட்டினால் என்ன ஆகும்? ஒவ்வொரு திருப்பத்திலும் காதும் தாடையும் போய் அதில் இடிக்கும். வெண்ணெய் மாதிரி ஓடிய வண்டி மண்டையில் குட்டுகிற வண்டி என்று பெயரெடுத்து, விசிறிகள் வருடக்கணக்காகப் புலம்பினார்கள். 2016இல் நாற்பதாவது வருடத்துக்குப் புது ரயில்கள் வாங்கி, பழையபடி லேப் பாருக்கு வந்தார்கள், பெயரோடு நியூ சேர்ந்தது. கூடவே முகத்தில் மெய்நிகர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விண்வெளிச் சண்டை பார்க்கிற ஏற்பாடும் கொஞ்ச காலம் இருந்தது. நிஜமாகவே தலைகீழாகப் போகிறவனுக்குப் படம் எதற்கு, சொல்லுங்கள்?

பாதுகாப்புப் பற்றி விளையாட்டாகப் பேசுவதாக நினைக்கவேண்டாம். ஷ்வார்ஸ்கோஃப், ஷ்டெங்கல் கூட்டணி 1989இல் ஒலிம்பியா லூப்பிங் என்று ஒன்று செய்தது. ஐந்து லூப், ஒலிம்பிக் வளையங்களின் நிறத்தில், மியூனிக் அக்டோபர் திருவிழாவில் நிற்கும். அத்தனையும் கழற்றி லாரிகளில் ஏற்றக்கூடியது. அதிலும் லேப் பார்தான். இவ்வளவு செய்த மனிதரின் கம்பெனி 1980களில் திவாலானது. 2001இல் இறந்தார். வித்தை தெரிந்தவருக்கு வியாபாரம் கைகூடுவதில்லை என்பது எல்லா ஊரிலும் உள்ளதுதான் போல.

சரி, வண்டி கிளம்பியது. செயின் பிடித்து இழுக்கும்போது அடியில் டக் டக் டக் என்று சத்தம், செயின் அறுந்தாலும் வண்டி பின்னால் உருளாமல் தடுக்கிற கொண்டி பல்பல்லாகத் தாண்டுகிற சத்தம் அது. மேலே போனதும் சத்தம் நின்றது. பிறகு வெகுநேரம் மரங்களுக்கிடையில் சாய்ந்து சாய்ந்து ஓடியது, இலைகள் கைக்கெட்டும் தூரத்தில் போவது போல ஒரு மயக்கம். லூப் எங்கே என்று தேடும்போதே முன்னால் தடம் எழுந்து நின்றது. நுழைந்தது எந்த இடம் என்று எனக்குத் தெரியவே இல்லை. முதுகு மெல்லச் சீட்டில் அமுங்கியது, இன்னும் கொஞ்சம் அமுங்கியது, கன்னம் கனத்தது, திடீரென்று எல்லாம் லேசாகி, வானம் இருக்கவேண்டிய இடத்தில் மரங்கள். அதே மெதுவில் கனம் திரும்பி வந்து, விட்டுப்போனது. அறை விழவில்லை. முளையடித்த வளைவுகள் அத்தனையும் அந்த மூன்று நாலு விநாடியில் ஞாபகம் வந்ததாகச் சொன்னால் பொய், இறங்கிய பிறகுதான் வந்தது.

"இன்னொரு தடவை போலாமா?" என்று கேட்டது அவள். நான் ஒரு நிபந்தனை போட்டேன், முதலில் போனது முன்பெட்டி, இந்தமுறை நட்டநடுப் பெட்டி. காரணம் இருக்கிறது. ரயில் ஐந்து பெட்டி நீளம். முன்பெட்டி உச்சியைத் தொடும்போது மற்றவை இன்னும் கீழே வேகத்தோடு வந்துகொண்டிருக்கும், தள்ளிவிடும். கடைசிப் பெட்டி உச்சிக்கு வரும்போது முன்னால் உள்ளவை இறங்கத் தொடங்கி இழுத்துவிடும். நடுப்பெட்டி உச்சியில் இருக்கும்போதுதான் மொத்த ரயிலும் அதிக உயரத்தில் இருக்கும், அதனால் வேகம் அப்போதுதான் மிகக் குறைவு. அழுத்தமும் அங்கேதான் மிகக் குறையும். ஒரே லூப், ஒரே ரயில், ஆனால் உட்காரும் இடத்தைப் பொறுத்து உச்சியில் ஆளாளுக்கு ஒரு கனம்.

இதை அவளிடம் சொல்லவில்லை. வேண்டுமென்றே சொல்லவில்லை. மூன்றாவது பெட்டியில் உட்கார்ந்தோம். டக் டக், மரங்கள், மெல்ல அமுங்கல், உச்சி. அந்த இடத்தில் பக்கத்துச் சீட்டிலிருந்து, அலறல் இல்லை, ஒரு சின்ன "ஏய்" மட்டும் கேட்டது.

இறங்கி நடக்கும்போது சொன்னாள், "மாமா, நடுவுல உக்காந்தா மேல போறப்ப லேசாத் தூக்குது. முன்னாடி இப்படி இல்ல."